இரண்டு மேற்கோள் குறிகளுக்கு நடுவே

"எல்லா பாஸ்வேர்டும் என் தலைக்குள்ளதான் இருக்கு மேடம். தலையைக் கழத்தி மேசையில வச்சிட்டு ஊருக்குப் போக முடியுமா?" என்று கேட்டார் ஆசீர்வாதம்.

நிலோபர் மேசைமேல் கிடந்த கோப்புகளை ஒரு பக்கமாக ஒதுக்கினாள். டீ டம்ளரை எடுத்துக் கீழே வைத்தாள். ஒரு தலை வைக்கும் அளவுக்கு இடம் வந்தது.

"வைங்க அண்ணாச்சி," என்றாள்.

ஆசீர்வாதம் அந்த இடத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். கோபம்தான் வந்தது. ஐம்பத்தாறு வயதில், முப்பத்திரண்டு வயதுப் பெண்ணிடம் பாடம் கேட்க உட்கார்ந்தால் யாருக்கும் முதலில் கோபம்தான் வரும்.

*

பாளையங்கோட்டையில் இருநூறு படுக்கை கொண்ட ஒரு மருத்துவமனை. பெயர் நமக்கு வேண்டாம். அதன் கம்ப்யூட்டர் பிரிவை இருபத்திரண்டு வருடமாகக் கட்டிக் காப்பவர் ஆசீர்வாதம். லேப், மருந்தகம், எக்ஸ்ரே, ரத்த வங்கி என்று நான்கு சர்வர்கள். அவற்றுக்குள் பதினொரு நிரல்கள் ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும்.

சர்வருக்குள் ஓடும் நிரலுக்கும் ஒரு பெயர் வேண்டும், ஒரு பாஸ்வேர்டு வேண்டும். காலையில் நாம் கம்ப்யூட்டரைத் திறந்து உள்ளே போவதுபோல அதுவும் பெயர் சொல்லித்தான் உள்ளே போக வேண்டும். அதற்கு சர்வீஸ் அக்கவுண்ட் என்பார்கள். பதினொரு நிரலுக்கும் ஆசீர்வாதம் ஒரே அக்கவுண்டைத்தான் கொடுத்திருந்தார். பாஸ்வேர்டு அவருக்கு மட்டுமே தெரியும். எழுதி வைக்கும் பழக்கம் கிடையாது. எழுதி வைப்பவர்களைக் கண்டால் அவருக்கு இளக்காரம்.

தொண்ணூறு நாளைக்கு ஒருமுறை அதை மாற்றியாக வேண்டும் என்பது விதி. மாற்றினால் பதினொரு இடத்திலும் மாற்ற வேண்டும். ஒன்றை மறந்தால் தீர்ந்தது. அந்த ஒன்று பழைய பாஸ்வேர்டையே சொல்லிச் சொல்லிக் கதவைத் தட்டும். ஐந்தாவது தட்டலில் அக்கவுண்ட் பூட்டிக்கொள்ளும். அப்புறம் மற்ற பத்தும் ஒவ்வொன்றாகப் படுத்துவிடும்.

அப்போது ஆசீர்வாதத்தின் ஃபோன் அடிக்கும்.

போன வருடம் மகள் பெனிட்டாவின் கல்யாணத்தன்றும் அடித்தது.

சர்ச் வாசலில் மணப்பெண் வெள்ளைப் பட்டில் நிற்கிறாள். அப்பா கையைப் பிடித்து உள்ளே நடத்திப் போக வேண்டும். அப்பாவைக் காணோம்.

அப்பா சர்ச்சுக்குப் பின்னால் குழாயடியில் நின்று, லேப் டெக்னீஷியன் ஈஸ்வரியோடு பேசிக்கொண்டிருந்தார்.

"பெரிய பி. சின்ன ஈ. சின்ன என். எழுதிராத ஈஸ்வரி, அப்படியே அடி. சின்ன ஐ..."

ஆர்கன் வாசிப்பவர் பாட்டை முடித்துவிட்டு வாசலைப் பார்த்தார். பிறகு மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

ஆசீர்வாதம் ஓடி வந்து சேர்ந்தபோது பெனிட்டா அழுது முடித்து முகத்தைத் துடைத்திருந்தாள். குழாயடியில் அவர் எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொண்டிருந்தது அவள் பெயரைத்தான். இருபத்திரண்டு வருடமாக அவர் வைத்த பாஸ்வேர்டு எல்லாமே அவள் பெயரில்தான் தொடங்கும். முன்னே பெயர், பின்னே ஒரு குறி, ஒரு எண். அதை அவளிடம் எந்த முகத்தோடு சொல்வது? சொல்லவில்லை.

இப்போது பெனிட்டாவுக்கு நிறைமாதம். அம்மா இல்லாத பெண். அதனால் தலைப்பிரசவத்துக்கும் பிறந்த வீட்டுக்கு வராமல் கோயம்புத்தூரில் புருஷன் வீட்டிலேயே இருந்துகொண்டாள். பதினெட்டாம் தேதி என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"ப்பா, வாரதா இருந்தா ஃபோன் இல்லாம வாங்க," என்றாள். "ஃபோனோடதான் வருவீங்கன்னா வர வேண்டாம்."

கத்தியிருந்தால் ஆசீர்வாதம் தாங்கியிருப்பார். அவள் சாதாரணமாகச் சொன்னாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

நிர்வாகத்திடம் போய் நின்றார். நிர்வாகம் நிலோபரைக் கூப்பிட்டது.

*

நிலோபர் மேலப்பாளையத்துக்காரி. சுற்றுவட்டாரத்தில் ஆறேழு மருத்துவமனைகளின் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறாள். வேலை சுத்தம். பேச்சுத்தான் கம்மி. ஒரு இடத்தில் பெரிய டாக்டர், "எங்க சர்வரைப் பாதுகாக்க முதல்ல என்ன செய்யணும்?" என்று கேட்டாராம். நிலோபர் எழுந்து போய், திறந்து கிடந்த சர்வர் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாளாம். அதற்கே பில் போட்டாள் என்பது சும்மா கட்டிவிட்ட கதை.

ஒன்பதாம் தேதி காலை எட்டு மணிக்கு வந்தாள். ஆசீர்வாதத்தைக் கட்டளைகளை அடிக்கும் கறுப்புத் திரைக்கு முன்னால் உட்கார வைத்தாள். மௌஸைப் பிடுங்கி, வயரைச் சுருட்டித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"அது இல்லாம எப்படி மேடம்?"

"அடிங்க அண்ணாச்சி. அடிச்சா என்ன செஞ்சோம்னு எழுத்தா நிக்கும். கிளிக் பண்ணினது எங்க நிக்கும்?"

முதல் கட்டளையைச் சொன்னாள். அவர் அடித்தார். அது ஒரு ரூட் கீ, இனி வரப்போகும் எல்லா ரகசியத்துக்கும் அதுதான் விதை. திரையில் நீளமாக ஒரு எண் வந்து நின்றது.

"அடுத்து?" என்றார் ஆசீர்வாதம்.

"அடுத்து பத்து மணி நேரம்."

"பத்து மணி நேரம் என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்யக் கூடாது."

நிலோபர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ஆசீர்வாதத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. பதினெட்டாம் தேதிக்கு ஒன்பதே நாள். இதில் ஒரு நாளைச் சும்மா தின்பதா? இணையத்தில் துழாவினார். யாரோ ஒரு புண்ணியவான் குறுக்குவழி எழுதியிருந்தான். சாவியை இப்போது செய்தேன் என்று சொல்லாமல், பத்து மணி நேரத்துக்கு முன்னாலேயே செய்துவிட்டேன் என்று சொன்னால் போதும். உடனே வேலை செய்யும்.

நிலோபரை ஃபோனில் பிடித்தார்.

"மேடம், நேரத்தை முன்தேதியிட்டுப் போட்டா இப்பவே ஆரம்பிச்சிரலாமாம்."

"யாருகிட்ட பொய் சொல்லணும்?"

"மெஷின்கிட்டதான்."

"நம்பிரும் அண்ணாச்சி. அதான் பயமா இருக்கு."

"புரியல."

"பேரு, பாஸ்வேர்டு சரிபாக்கிற தலைமை சர்வர் எத்தனை வச்சிருக்கீங்க?"

"ரெண்டு. ஒண்ணு இங்க. இன்னொண்ணு அக்கரையில, ஜங்ஷன் கிளையில."

"ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறவருக்குச் செய்தி போய்ச் சேர்ந்திருச்சா?"

ஆசீர்வாதம் குறுக்குவழி எழுதியிருந்த பக்கத்தை மூடினார்.

"அவருக்கும் தெரியட்டும். அப்புறம் பேசலாம்."

அன்று சாயங்காலம் ஆறு மணிவரை ஆசீர்வாதம் அந்தத் திரைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஈஸ்வரி ஏதோ கேட்க வந்தவள், அவர் இருந்த இருப்பைப் பார்த்துவிட்டு, உடம்புக்கு முடியலையோ என்று நினைத்து ஓ.ஆர்.எஸ். கரைத்துக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

*

மறுநாள் புது அக்கவுண்டைச் செய்தார்கள். பெயர் கொடுத்தார். இதை எந்தெந்த சர்வர்கள் பயன்படுத்தலாம் என்று ஒரு குழு உண்டாக்கி, அந்தக் குழுவில் நான்கு சர்வர்களையும் சேர்த்தார். கட்டளை முடிந்தது. கர்சர் அடுத்த வரியில் போய்க் கண்சிமிட்டியது.

ஆசீர்வாதம் காத்திருந்தார்.

"பாஸ்வேர்டு கேக்கலையே மேடம்?"

"கேக்காது."

"அப்ப பாஸ்வேர்டு இல்லாத அக்கவுண்டா?"

"பாஸ்வேர்டு இருக்கு."

"என்ன அது?"

"தெரியாது."

"உங்களுக்கே தெரியாதா?"

"யாருக்கும் தெரியாது. வாயால படிச்சுச் சொல்ல முடியாத நீளம். முப்பது நாளைக்கு ஒருக்க அதுவா மாத்திக்கும். அந்தக் குழுவுல இருக்கிற சர்வருக வேணுங்கிறப்ப வந்து வாங்கிக்கும்."

"சரி, அவசரத்துக்கு ஒரு காப்பி?"

நிலோபர் அவரைப் பார்த்தாள். கண்ணில் கேலி இல்லை. அது ஆசீர்வாதத்துக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

"எத்தனை வருஷமா அண்ணாச்சி?"

"எது?"

"நீங்க அந்தக் காப்பியா இருக்கிறது."

*

அடுத்து ஒவ்வொரு சர்வரிலும் போய்ச் சோதித்தார்கள். புது அக்கவுண்ட் உனக்குக் கிடைக்கிறதா என்று கட்டளை கேட்கும். கிடைத்தால் ட்ரூ. கிடைக்காவிட்டால் ஃபால்ஸ். நடுவில் வேறு பதில் கிடையாது.

மருந்தகம் ட்ரூ என்றது. எக்ஸ்ரே ட்ரூ என்றது. ரத்த வங்கியும் ட்ரூ.

லேப் சர்வர் ஃபால்ஸ் என்றது.

ஆசீர்வாதம் அதைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டு மறுபடி சேர்த்தார். ஃபால்ஸ். மறுபடி நீக்கிச் சேர்த்தார். மூன்றாம் முறை பெயரில் ஒவ்வொரு எழுத்தையும் விரலால் தொட்டுச் சரிபார்த்தார். எழுத்துப் பிழை இல்லை. இருந்தும் ஃபால்ஸ்.

"சேத்தாச்சு மேடம். குழுவுல பேரு இருக்கு. இது ஏன் இல்லங்கு?"

"மத்த மூணும் கடைசியா எப்ப ஆஃப் ஆச்சு?"

"இன்னிக்குத்தான். காலையில குழுவுல சேத்திட்டு, பத்து மணிக்கு வரிசையா ரீஸ்டார்ட் பண்ணினேன். புது அக்கவுண்ட் வருதே, சுத்தமா இருக்கட்டும்னு."

"லேப்?"

ஆசீர்வாதத்தின் முகம் மலர்ந்தது. "அதை மட்டும் தொடல. அதைத் தொடவே மாட்டேன். அறுநூத்து நாப்பது நாளா ஒரு நிமிஷம் ஆஃப் ஆனது இல்ல."

"தூங்கவே இல்லையா?"

"இல்லயே."

"நீங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சுத்தமாகத்தான் இருந்தது. இருந்தாலும் துடைத்தார்.

"அதைச் சேத்துட்டீங்க அண்ணாச்சி," என்றாள் நிலோபர். "அதுக்கு அது தெரியாது. ஒருக்க படுத்து எந்திரிச்சாத்தான் தான் யாரு கூட இருக்கோம்னு பாக்கும்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணி. லேபில் கூட்டம் இல்லாத நேரம். ஈஸ்வரியிடம் பத்து நிமிடம் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். கட்டளையை ஆசீர்வாதமே அடித்தார். லேப் சர்வரின் விசிறிகள் நின்றன. அந்தப் பெட்டிக்குள் அப்படியொரு நிசப்தத்தை அவர் இதற்கு முன் கேட்டதில்லை. அவருக்குப் பயமாக இருந்தது, கூடவே கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

ஆறு நிமிடத்தில் அது எழுந்து வந்தது. கேட்டார்கள்.

ட்ரூ.

*

இனி பதினொரு நிரல்களையும் பழைய அக்கவுண்டிலிருந்து புதியதற்கு மாற்ற வேண்டும். அதற்கும் ஒரு வரிக் கட்டளைதான். நிரலின் பெயர், புது அக்கவுண்டின் பெயர், கடைசியில் பாஸ்வேர்டு. பாஸ்வேர்டு வர வேண்டிய இடத்தில் இரண்டு மேற்கோள் குறிகள்.

"நடுவுல என்ன போடணும்?"

"ஒண்ணும் போடக் கூடாது."

"வெறும் ரெண்டு குறி?"

"வெறும் ரெண்டு குறி. நடுவுல ஒண்ணும் இருக்கக் கூடாது. காலியா இருந்தாத்தான் அது தானா போய் வாங்கிட்டு வரும்."

ஆசீர்வாதம் அடித்தார். நிரலின் பெயர் சரி. அக்கவுண்டின் பெயர் சரி. முதல் மேற்கோள் குறி. அப்புறம் அவர் விரல்கள் பாட்டுக்கு ஓடின. பெரிய பி, சின்ன ஈ, சின்ன என்.

நிலோபர் கையை நீட்டி அழிக்கும் விசையை அழுத்திப் பிடித்தாள். எழுத்துகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின.

"மன்னிச்சிக்கிடுங்க. பழக்கம்."

இரண்டாவது நிரலுக்கும் அப்படியே ஆயிற்று. மூன்றாவதற்கும். நிலோபர் ஒவ்வொரு தடவையும் ஒன்றும் சொல்லாமல் அழித்தாள். நாலாவதில் அவர் விரல்கள் "பெரிய பி"யோடு நின்றன. அவரே அழித்தார். ஆறாவதில் விரல்கள் தயங்கின, ஆனால் எதையும் அடிக்கவில்லை.

பத்து முடிந்தபோது நிலோபருக்கு வேறு இடத்திலிருந்து அழைப்பு வந்தது.

"மிச்சம் ஒண்ணுதான். ரத்த வங்கி லேபிள். போட்டிருவீங்கல்லா?"

"போட்டிருவேன் மேடம்."

அவள் போனாள். ஆசீர்வாதம் பதினோராவது வரியை அடித்தார். இரண்டு மேற்கோள் குறிகளையும் போட்டார். நடுவில் ஒன்றுமில்லை. என்டரைத் தட்ட வேண்டியதுதான் பாக்கி.

ரத்த வங்கியில் ஒவ்வொரு ரத்தப் பைக்கும் ஒட்டும் லேபிளை அடிக்கிற நிரல் அது. சின்ன நிரல். மற்ற எல்லாம் புதிதாக ஓடும்போது, இது ஒன்று மட்டும் பழையபடி ஓடினால் யாருக்கு என்ன நஷ்டம்? ஒரு பாஸ்வேர்டு மட்டும் தலையில் இருக்கட்டுமே.

அந்த வரியை முழுவதுமாக அழித்துவிட்டுத் திரையை மூடினார்.

*

பதினாறாம் தேதி. மறுநாள் சாயங்காலம் கோயம்புத்தூருக்கு பஸ்.

நிலோபர் வந்தாள். "பதினொண்ணுமா?"

"பதினொண்ணும்."

அவள் சோதித்துப் பார்க்கவில்லை. ஒரு வரி அடித்தாள். பழைய அக்கவுண்டை முடக்கும் கட்டளை. அடித்துவிட்டுக் கீபோர்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"நீங்களே தட்டுங்க."

ஆசீர்வாதத்தின் விரல் என்டருக்கு மேல் போய் நின்றது.

தட்டினால் உடனே ஒன்றும் ஆகாது. லேபிள் நிரல் இன்று ஓடும். நாளையும் ஓடும். எப்போதாவது ஒருமுறை நின்று எழப் பார்க்கும். அப்போது எழ முடியாது. ஃபோன் அடிக்கும். அவர் கோயம்புத்தூரில் பிரசவ அறைக்கு வெளியே இருப்பார். இங்கே மூன்றாம் மாடிப் பிரசவ அறையில் வேறு யாரோ ஒருவருடைய மகள் இருப்பாள். அவளுக்கு ரத்தம் வேண்டியிருக்கும். பையில் லேபிள் இருக்காது.

விரலை எடுத்துவிட்டார்.

"ஒண்ணு பாக்கி இருக்கு மேடம்."

"சரி," என்றாள் நிலோபர்.

"உங்களுக்கு முதல்லயே தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப ஏன் என்னைத் தட்டச் சொன்னீங்க?"

"உங்க அக்கவுண்ட். நீங்கதான மூடணும்."

ஆசீர்வாதம் கீபோர்டைத் தள்ளி வைத்தார். பிறகு, யாரிடமும் சொல்லாததைச் சொன்னார்.

"பதினொண்ணையும் விட்டுட்டா, அப்புறம் என்னை யாரு எதுக்குக் கூப்பிடப் போறாவ? சம்சாரம் போனப்புறம் இந்த ஃபோன் ஒண்ணுதான் என்னைத் தேடுது. இது நின்னு போச்சுன்னா என்ன செய்வேன்னு எனக்குத் தெரியல மேடம்."

நிலோபர் இந்தத் தடவை புதிர் ஒன்றும் போடவில்லை. நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"எனக்கும் அந்தப் பயம் உண்டு அண்ணாச்சி," என்றாள்.

ஆசீர்வாதம் கீபோர்டை இழுத்துப் பதினோராவது வரியை அடித்தார். இரண்டு குறிகள், நடுவில் ஒன்றுமில்லை. தட்டினார். லேபிள் நிரலை நிறுத்தி மறுபடி ஓட விட்டார். அது எழுந்து ஓடியது. பிறகு நிலோபர் அடித்து வைத்த வரிக்குப் போய் அதையும் தட்டினார். பெனிட்டாவின் பெயரில் தொடங்கும் பாஸ்வேர்டு இனி எந்தக் கதவையும் திறக்காது.

கண் கலங்கிவிட்டது. மறைக்கவில்லை.

"ஃபோனை என்ன செய்ய?" என்று கேட்டார். "உங்ககிட்டக் கொடுத்துட்டுப் போகட்டா?"

"கொண்டு போங்க."

"மக வேண்டாம்னுட்டாளே."

"ஃபோனையா வேண்டாம்னா?"

நிலோபர் கைப்பையைத் திறந்து, சுருட்டி வைத்திருந்த மௌஸை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். முதல் நாள் அவள் ஒதுக்கிக் கொடுத்த இடம் இன்னும் காலியாகத்தான் கிடந்தது.

*

பஸ்ஸில் மதுரை தாண்டும்வரை நிலோபர் கேட்ட அந்தக் கேள்வியை ஆசீர்வாதம் யோசித்தார். பிடிபடவில்லை.

பதினெட்டாம் தேதி காலை. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி வராந்தா. பெனிட்டாவை விடியற்காலையிலேயே உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். மருமகன் உள்ளேயும் வெளியேயுமாக நடந்துகொண்டிருந்தார்.

ஆசீர்வாதத்தின் கையில் ஃபோன். பாளையங்கோட்டையிலிருந்து கிளம்பியதிலிருந்து அது ஒருமுறைகூட அடிக்கவில்லை. டவர் இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. சத்தத்தைக் கூட்டி வைத்தார். பத்து மணிக்குப் பொறுக்க முடியாமல் தானே கூப்பிட்டார்.

"ஈஸ்வரி, லேப் ஓடுதா?"

"ஓடுது சார்."

"ரத்த வங்கி லேபிள்?"

"இப்பந்தான் நாலு பைக்கு அடிச்சாங்க. ஏன் சார், ஏதும் பிரச்சனையா?"

"ஒண்ணுமில்ல. சும்மாதான்."

"பிள்ளை பிறந்தாச்சா?"

"இன்னும் இல்ல."

"அப்ப ஃபோனை வைங்க சார்," என்றாள் ஈஸ்வரி. கல்யாணத்தன்று குழாயடி வரைக்கும் அவரை இழுத்தவள் அவள்தான். அவளுக்கும் மனசு உறுத்திக்கொண்டிருந்திருக்கும்.

ஆசீர்வாதம் பெஞ்சில் உட்கார்ந்தார். ஃபோனைப் பக்கத்தில் வைத்தார். சுவரில் தலையைச் சாய்த்தார். வருடக்கணக்காகப் பகலில் கண்ணை மூடியறியாத மனுஷன், வாயைத் திறந்துகொண்டு தூங்கிப்போனார்.

"பெனிட்டா அப்பா யாரு?"

நர்ஸின் குரல். திடுக்கிட்டு எழுந்தார். எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் இரண்டடி தவறான திசையில் போய், திரும்பி, நர்ஸின் பின்னால் ஓடினார்.

உள்ளே பெனிட்டா படுத்திருந்தாள். முகம் வெளிறி, தலைமுடி ஈரமாக ஒட்டியிருந்தது. அப்பாவைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் சட்டைப் பையைப் பார்த்தாள்.

"ஃபோன் எங்கப்பா?"

ஆசீர்வாதம் சட்டைப் பையைத் தொட்டார். இல்லை. பேன்ட் பையைத் தொட்டார். வலப்பக்கம் இல்லை, இடப்பக்கமும் இல்லை. இருபத்திரண்டு வருடமாகப் பதினொரு இடத்துப் பாஸ்வேர்டை எழுதி வைக்காமல் சுமந்த தலையை எவ்வளவு தட்டிப் பார்த்தும் ஒன்றும் வரவில்லை.

"தெரியலையே மக்கா," என்றார்.

பெனிட்டா சிரித்தாள்.

நர்ஸ் துணியில் சுற்றிய குழந்தையோடு நின்றுகொண்டிருந்தாள். "தாத்தா, பிள்ளையை வாங்குங்க."

அவர் இரண்டு கைகளையும் நீட்டினார். நடுவில் ஒன்றும் இல்லை.